பதினொன்றுக்கு ஒன்பதில் நின்ற ஆட்டம்

அவள் ஒரு சட்டையைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சட்டை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுப்பாள். அதுதான் பாராட்டு. பதினாறு வருடமாகச் சட்டைத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே சாய்ந்த மேசை, அதன் முன்னால் அவள் நிற்பாள். முதலில் காலர், பிறகு பட்டன் பட்டி, பிறகு கை, கடைசியில் கீழ் மடிப்பு. இந்த வரிசை மாறாது. குறை கண்ட இடத்தில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். சில நாட்களில் போன சட்டைகளைவிடத் திரும்பிய சட்டைகள் அதிகம்.

லைனில் தைக்கிற பெண்கள் அவளுக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் குளியலறைக் கதவில் யாரோ சாக்குக்கட்டியால் அந்தப் பெயரை எழுதிவிட, அவள் நின்று பார்த்துவிட்டு, "வரி மேல போகுது, பாரு. நேரா எழுதத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் மட்டும் விட்டுவிடுவாளா? கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கோபம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற ரகம். ஒரு நாள் காலையில் வேனில் ஏறிய பிள்ளைகள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்தாவது பிள்ளை ஏறிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தான். சவரத்தில் விட்டுப்போன தாடை ஓரத்தில் சிவப்பு அம்பு. தூங்கும்போது கையோடு ஒட்டி வந்ததா, வேண்டுமென்றே ஒட்டினாளா என்பது இன்றுவரை தீரவில்லை. கேட்பவர்களிடம் அவன் சொல்வான்: "கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு. என்னை இன்னும் பாஸ் போடல. திருத்த அனுப்பற பெட்டியிலதான் கிடக்கேன்."

இப்படிப்பட்டவளைத் தொழிற்சாலையின் வாலிபால் அணிக்குக் கேப்டனாகப் போட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அவள் உயரமாகக் குதிப்பவள் அல்ல. அவள் அடித்த பந்து பாதி நேரம் வலையில் போய்ச் சாய்ந்துகொள்ளும். ஆனால் எதிர்ப்பக்கம் ஆறு பேர் நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில், தையல் விட்ட இடம் எது என்று சொல்லிவிடுவாள். "அந்தப் பச்சை கிளிப் போட்டவ இடது பக்கம் திரும்ப யோசிக்கிறா. அங்க போடு." அங்கே போடுவார்கள். பாயிண்ட் வரும்.

பந்தைச் சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுப்பவள் பட்டன். பட்டன் தைக்கிற மெஷினில் வேலை, ஆளும் குள்ளம். பெயர் தானாக விழுந்துவிட்டது. பயம் என்பதே இல்லாதவள். திரும்பி வந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு செக்கர் மேசைக்கே சண்டைக்கு வருவது அவள் ஒருத்திதான். "இதுல என்னக்கா குறையைக் கண்ட? கண்ணைக் கழுவிட்டுப் பாரு." இரண்டு பேரும் சண்டை போட்டு முடித்து, மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு இது புரியாது. பட்டன் தைத்த சட்டைகளில்தான் அக்கா அதிகமாக வாயைத் திறக்காமல் அடுத்ததை எடுப்பாள் என்பதைக் கவனித்திருந்தால் புரிந்திருக்கும்.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில் அந்த அணி மூன்று வருடம் இறுதி ஆட்டம் வரை போய், மூன்று வருடமும் சாக்ஸ் தொழிற்சாலையிடம் தோற்றிருந்தது. நான்காவது வருடமும் அதே சாக்ஸ்காரிகள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆட்டம். கணவன் தன் வேனிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனான். வேன் ஜன்னல்களில் வெயிலுக்காகப் பச்சைத் தாள் ஒட்டியிருக்கும். அக்காவுக்கு எதிர் இருக்கையில் பட்டன். வழக்கமாக வழிநெடுகப் பேசிக்கொண்டு வருபவள், அன்று கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

அக்கா பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. உதட்டு ஓரத்தில் நிறம் மாறியிருந்தது. மூக்கைச் சுற்றிக் கொஞ்சம் வெளுப்பு.

செக்கிங் வேலையில் ஒரு விதி உண்டு. துணியின் நிற வித்தியாசத்தைக் கெட்ட வெளிச்சத்தில் தீர்மானிக்கக் கூடாது. நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த்தான் சொல்ல வேண்டும். அதுவரை கருத்து கிடையாது. அக்காவும் அப்படியே செய்தாள். இது பச்சைத் தாளின் வேலை, இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். இறங்கினார்கள். மைதானத்தில் கண் கூசும் நல்ல வெளிச்சம். ஆனால் அப்போது அவள் வலைக்கு அந்தப் பக்கம் பயிற்சி செய்துகொண்டிருந்த சாக்ஸ்காரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பட்டன் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டாம் என்று இருந்ததா, மறந்துபோனதா? பட்டனுக்குப் பதிலாக இறக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், கேண்டீனில் சமைக்கிற அக்கா. பந்து வந்தால் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள் என்பதையும் சேர்த்து யோசித்தால் பதில் ஓரளவு தெரியும்.

முதல் செட் போனது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பதினைந்து பாயிண்டுக்கு; பதினொன்றுக்கு ஒன்பது என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். இன்னும் நாலே நாலு. பின்வரிசையிலிருந்து வந்த பந்துக்குப் பட்டன் இரண்டு கையையும் தூக்கினாள். பந்து கைக்கு வருவதற்குள் அவள் கீழே இருந்தாள். பந்து அவள் முதுகில் விழுந்து உருண்டது.

"என்னடி, தரை குளுகுளுன்னு இருக்கா?" என்று சிரித்தாள் ஓவர்லாக். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின்காரி அவள்; வாயும் அந்த மெஷின் மாதிரியே, நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அறுந்தது.

தொழிற்சாலை நர்ஸ் பார்வையாளர் பெஞ்சிலிருந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இருமல் மாத்திரை கொடுப்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அதுவரை எல்லோரும் கேலி பேசியிருந்தார்கள். அவள் மண்டியிட்டு, பட்டனின் மார்பில் கை மேல் கை வைத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி திரும்பியிருந்தது, கண் திறக்கவில்லை. "கூட ஒருத்தர்தான் வரலாம்" என்றார்கள். நர்ஸ் ஏறிக்கொண்டாள். ஏறப்போன அக்காவை அவள் கையால் தடுத்தாள். "நீங்க வந்தாலும் வெளியிலதான்க்கா உட்காரணும். நான் போன் பண்றேன்." பட்டனின் தங்கைக்குச் சொல்லியாயிற்று, அவள் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

வண்டி போனது. மைதானத்தில் பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நடுவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்து விசிலைத் திருகிக்கொண்டே வந்தார். "எனக்கும் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா மாத்து ஆள் இருக்கு இல்லையா? பத்து நிமிஷம் தரேன். ஆடறீங்கன்னா ஆடலாம். இல்லன்னா அவங்க ஜெயிச்சதா எழுதணும். கேப்டன்தான் சொல்லணும்."

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவள் வலையைப் பார்த்தாள்.

முதலில் பேசியவர் தொழிற்சாலை மேலாளர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் கோப்பையோடு படம் எடுக்க வந்த போட்டோக்காரர். "அந்தப் பொண்ணுக்காகவே ஆடி ஜெயிங்கம்மா. அவ அதைத்தான் விரும்புவா." பட்டனின் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் பாவம், மனிதர் முழித்திருப்பார்.

"ஆமாக்கா," என்றாள் ஓவர்லாக். "நிறுத்தினோம்னு தெரிஞ்சா எழுந்து வந்து நம்மள உதைப்பா. மூணு வருஷமா இந்தக் கோப்பையைப் பத்தியே பேசினவ."

"அவளா?" என்றாள் கட்டிங் பிரிவுப் பெண், அழுதுகொண்டே. அணியில் அவள்தான் சின்னவள். "தனியா கிடக்கறேனே, ஒருத்தியாவது வரக் கூடாதான்னுதான் நினைப்பா. நாளைக்கு நான் விழுந்தாலும் இப்படித்தான் ஆடிட்டு இருப்பீங்களா?"

"நீ விழுந்தா நிச்சயமா ஆடுவோம்டி. நீ போடற சர்வீஸுக்கு விழுந்து கிடக்கறதே அணிக்கு லாபம்," என்றாள் ஓவர்லாக்.

அழுதுகொண்டிருந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

"நான் வேணா இறங்கறேன்," என்றாள் கேண்டீன் அக்கா. அவள் முகம் பட்டனின் முகத்தைவிட வெளுத்திருந்தது.

அக்காவின் மண்டைக்குள் மேசை விளக்கு எரிந்தது. இரண்டு பீஸையும் எடுத்துப் பார்த்தாள். ஆடுவது: ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத நேரத்தில் பந்தை அடிப்பது. குறை. ஆடாமல் இருப்பது: அங்கே போய் வெளியே உட்காருவதால் பட்டனின் நாடி ஒரு துடிப்புகூட அதிகமாகத் துடிக்கப் போவதில்லை, ஆறு பேரின் நாலு வருட உழைப்பு மட்டும் போகும், பிழைத்து வந்தால், தன்னால்தான் போச்சு என்று அவள் சுமக்க வேண்டும். அதுவும் குறை. வேலையில் என்றால் இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பாள். இங்கே திருப்பி அனுப்ப ஆள் இல்லை. இரண்டில் ஒன்றைப் பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். பதினாறு வருடத்தில் இப்படி ஒரு நிலை அவளுக்கு வந்ததில்லை.

"ஆறு நிமிஷம் ஆச்சும்மா," என்றார் நடுவர்.

"கொஞ்சம் எல்லாரும் வாயை மூடுங்க," என்றாள் அக்கா. "எல்லாரும் பட்டன் வாயால பேசறீங்க. அவ ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. அவ அப்படி நினைப்பா, இப்படி நினைப்பான்னு அவ தலையில ஏத்தாம, அவங்கவங்க பேர்ல சொல்லுங்க. உனக்கு என்ன வேணும்?"

ஓவர்லாக் முதலில் போய்ப் பந்தை எடுத்து வந்தாள். பிறகு, "எனக்கு ஆடணும்க்கா. அவ விழுந்தப்போ நான் சிரிச்சேன். சும்மா உட்கார்ந்தா அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது. கையில ஏதாவது வேலை வேணும்."

"எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்று கட்டிங் பெண் முழங்கால் பட்டையைக் கழற்றினாள்.

"நீ சொல்லுக்கா," என்றாள் ஓவர்லாக். "உன் பேர்ல சொல்லு."

அக்கா சொன்னாள்: "எனக்கு ஜெயிக்கணும். உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் ஜெயிக்கணும். காலையில வேன்லயே அவ முகம் சரியில்லன்னு பாத்தேன். உதடு நிறம் மாறியிருந்துச்சு. கேக்கல. கேட்டா ஆட முடியாதுன்னு சொல்லிடுவாளோன்னு கேக்கல."

கேண்டீன் அக்கா ஒன்றும் புரியாதவள்போல எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதனால?" என்றாள் ஓவர்லாக் மெதுவாக.

"அதனால நான் ஆடல. ஒரு தடவை பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதே காரணத்துக்காக இன்னொரு தடவை முடியாது. நான் இல்லாம ஆறு பேர் இல்ல. அப்ப ஆட்டம் இல்ல."

"அப்ப இது உன் மனசாட்சிக்காக," என்றாள் ஓவர்லாக். குரலில் கேலி இல்லை, கோபம்தான். "எங்க கோப்பையை எடுத்து உன் மனசாட்சிக்குக் குடுக்கற."

இதற்கு நல்லதாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நட்பு, மனிதத்தன்மை என்று நாலு வார்த்தை மேலாளரிடம் கடன் கேட்டாலே கிடைத்திருக்கும். அவள் சொன்னது: "ஆமா."

நடுவரிடம் போய்ச் சொன்னாள். அவர் தாளில் எழுதினார். எதிரணி கேப்டன், ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த பின்னல் மெஷின்காரி, வந்து அக்காவின் கையைப் பிடித்து, "இப்படி ஜெயிக்கறது எங்களுக்கே நல்லா இல்லைங்க," என்றாள். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. பிறகு கோப்பையை நீட்டியதும் தயங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்தவர்கள்தான்.

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது யாரும் அக்காவின் பக்கத்தில் உட்காரவில்லை. கணவன் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்துவிட்டு, "முன்னால வந்து உட்காரு, இங்க இடம் இருக்கு," என்றான். அவள் போய் உட்கார்ந்தாள். அவன் வழியில் வேறு எதுவும் பேசவில்லை. பதினாலு வருடத்தில் அவன் செய்தவற்றில் அவளால் ஸ்டிக்கர் ஒட்ட முடியாதவற்றுள் அதுவும் ஒன்று.

மதியம் மூன்று மணிக்கு மேல் டாக்டர் வந்தார். இதயம் திடீரென்று தாளம் தப்பியிருக்கிறது. சரியான நேரத்தில் அமுக்கியதால் பிழைத்தாள். இனி இப்படி நடக்காமல் இருக்க மார்பில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும். கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். ஒருவர் ஒருவராகப் பார்க்கலாம். தங்கை பார்த்துவிட்டு வந்து, "உங்களைத்தான் கூப்பிடறா," என்று அக்காவைக் காட்டினாள். "நல்ல மூடுல இல்ல," என்று கூடுதல் தகவலும் கொடுத்தாள்.

பட்டன் மார்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்தாள். படுக்கையில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள்.

"பதினொண்ணு ஒன்பது," என்றாள். "பதினொண்ணு ஒன்பதுல யாராவது நிறுத்துவாங்களா?"

"யாருடி சொன்னது?"

"நர்ஸுதான். கண்ணைத் திறந்ததும் ஸ்கோர்தான் கேட்டேன். மேல கூரையைப் பாத்துட்டுச் சொல்றா, ஆட்டத்தை நிறுத்திட்டாங்கன்னு. எனக்கு மறுபடி நெஞ்சு நின்னுடும் போல இருந்துச்சு."

"மெதுவாப் பேசு."

"நாலு பாயிண்டு! கேண்டீன் அக்காவை நிக்க வச்சுட்டு நீங்க அஞ்சு பேரு ஆடினாலே வந்திருக்குமே. நான் என்ன கேட்டேனா, எனக்காக நிறுத்துங்கன்னு?"

"உனக்காக நிறுத்தல."

பட்டன் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில வேன்ல உன் உதட்டைப் பாத்தேன். நிறம் மாறியிருந்துச்சு. தெரிஞ்சும் கேக்காம விட்டேன். கேட்டிருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. அதுக்காகத்தான் நிறுத்தினேன். எனக்காக." நின்றுகொண்டே சொன்னாள். உட்காரத் தோன்றவில்லை. "இப்ப நீ என்ன திட்டணுமோ திட்டு."

தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்தது.

"நானும்தான் பாத்தேன்," என்றாள் பட்டன். "வீட்டுக் கண்ணாடியில. ஒரு மாசத்துல மூணாவது தடவை. படிக்கட்டுல ஒரு நாள் விழவே பாத்தேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்னைத் திருப்பி அனுப்பிடுவியே." சிரிக்கப் பார்த்தாள், ஒயர் இழுத்ததில் முகம் சுளித்தாள். "உன்கிட்ட மாட்டாம ஒரு சட்டையாவது தள்ளணும்னு மெஷின்ல ஒவ்வொருத்தியும் எவ்வளவு பாடுபடறோம் தெரியுமா? தள்ளிட்டேன்னு சந்தோஷப்பட்டேன்."

"மாட்டாம போகல. பாத்தேன்னுதான் சொல்றேனே."

"ஆமா, பாத்த. பாத்துட்டு விட்ட." பட்டன் குரல் தாழ்ந்தது. "அது தப்புதான்க்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். நான் சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா ஆட்டத்தை நிறுத்தினது தனித் தப்பு. அதுல எனக்குப் பங்கே இல்ல. அதுக்கு நான் பேச மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே ஓவர்லாக்கும் கட்டிங் பெண்ணும் ஆடியிருக்கலாமா கூடாதா என்று மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். கதவு மூடியிருந்தும் ஓவர்லாக்கின் பாதிப் பேச்சு உள்ளே வந்தது. வார்டு நர்ஸ் போய் அதட்ட, கொஞ்சம் அடங்கியது.

ஜன்னலுக்குத் திரை இல்லை. நாலு மணி வெயில் படுக்கை வரை வந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள்: நெற்றி, மூக்கு ஓரம், உதடு, காது மடல், பிறகு மறுபடி உதடு. அவசரப்படவில்லை.

பட்டன் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இன்னும் பாக்கறியா?"

"பாக்கறேன்."

"என்ன தெரியுது?"

"கோவம்."

"சரியாத்தான் பாத்திருக்க," என்று பட்டன் கண்ணை மூடிக்கொண்டாள்.